கோப்பை கழுவும் இயந்திரம் என்ன சொல்லுகிறது?

தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரிப்பீர்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நான் போய்வரும் வீடுகளில் கிணற்றடியில் தும்பும் சாம்பலும்தான் இருக்கின்றன. கோப்பை கழுவும் இயந்திரம் எங்கள் குசினிகளுக்கு உரிய பொருள் அல்ல. ஆனால் 2009இல் யுத்தம் முடிந்த பின்னர், கணவனை இழந்தும் கணவன் எங்கே என்று தெரியாமலும் தனியே குடும்பத்தைச் சுமந்த பெண்களில் எத்தனையோ பேர் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்துக் குவைத், சவூதி, கத்தார் என்று வீட்டுவேலைக்குப் போனார்கள். இன்றும் போகிறார்கள். அங்கே இந்த இயந்திரம் அவர்களுடைய பொறுப்பு. அது ஓடும்வரைக்கும் பிரச்சினை இல்லை. அது நின்றுபோகும் நாளில்தான் "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வி வருகிறது.

எங்கள் பெண்கள் சங்கக் கூட்டமொன்றில் ஒரு தங்கை தன் கதையைச் சொன்னாள். வேலைக்குப் போய் மூன்றாம் மாதம், இயந்திரத்தின் அடியில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. முகப்பில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் மின்னின. அவள் பயந்துபோய்ப் பொத்தான்களை எல்லாம் மாறி மாறி அழுத்தினாள். திருத்துபவர் வந்து பத்து நிமிடத்தில் ஒரு பேரீச்சம் விதையை எடுத்துக் காட்டிவிட்டுப் போனார். அவருடைய கூலி அவளுடைய சம்பளத்தில் கழிக்கப்பட்டது. அந்த மாதம் ஊரில் அடகு வட்டி கட்டப்படவில்லை. ஒரு பேரீச்சம் விதை எவ்வளவு தூரம் வந்து அடிக்கிறது, பாருங்கள்.

அதே கூட்டத்தில், ஒன்பது வருடம் வெளிநாட்டில் வேலைசெய்து திரும்பிய ஓர் அக்காவும் இருந்தார். "பிள்ளை, அது பழுதாப் போகேல்லை. எங்கை அடைச்சிருக்கெண்டு உனக்குச் சொல்லியிருக்கு. உனக்கு அதின்ரை பாஷை தெரியேல்லை, அவ்வளவுதான்" என்றார். நான் சமூகவியல் படித்தவள், இயந்திரம் படித்தவள் அல்ல. எனவே அந்த அக்காவிடம் கேட்டும், கம்பனிகளின் கைந்நூல்களைத் தேடி வாசித்தும் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தின் வேலையை விளங்கிக்கொள்வோம். குழாயிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது. அடியிலுள்ள சூடாக்கி அதைச் சூடாக்குகிறது. ஒரு பம்பி அந்தச் சுடுநீரைச் சுழலும் கைகளுக்கு அனுப்ப, அவை கோப்பைகள்மேல் பீச்சி அடிக்கின்றன. அழுக்கு அடியிலுள்ள வடியில் தங்குகிறது. கடைசியில் இன்னொரு பம்பி கழிவு நீரை வெளியே தள்ளுகிறது. இவற்றில் எந்தப் படி நடக்காவிட்டாலும் இயந்திரம் தானாக நின்று ஒரு குறியீட்டைக் காட்டும். ஆகவே குறியீடுகள் பலவாக இருந்தாலும் பெரும்பாலானவை நான்கு விடயங்களைத்தான் சொல்கின்றன: தண்ணீர் வரவில்லை, தண்ணீர் போகவில்லை, தண்ணீர் கசிகிறது, சூடு ஏறவில்லை.

அதிகம் வருவது தண்ணீர் போகாத பிரச்சினை. போஷ் இயந்திரத்தில் ஈ-24 அல்லது ஈ-25 என்றும், எல்ஜியில் ஓ-ஈ என்றும், சாம்சங்கில் 5-சீ என்றும் (பழையவற்றில் 5-ஈ), எலக்ட்ரோலக்ஸில் ஐ-20 என்றும் காட்டும். போஷில் ஈ-22 என்றால் வடி அடைபட்டிருக்கிறது. இவற்றைப் பெரும்பாலும் நாமே சரிசெய்யலாம். ஆனால் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுமதி பெற்ற பின்னர்தான் கை வைக்க வேண்டும். தொலைபேசி இருந்தால், ஒன்றையும் தொடமுன் அந்தக் குறியீட்டைப் படம் எடுத்துவையுங்கள். பிற்பாடு பேச்சு வந்தால் அது உதவும்.

இனிச் செய்முறை. இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கையும் கழற்றுங்கள். ஆளியை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்கக்கூடாது. உள்ளே இருப்பது கொதிநீராக இருக்கலாம், ஆறவிடுங்கள். கீழ்த் தட்டை வெளியே இழுத்துவிட்டுத் தேங்கிய நீரைக் கோப்பையால் அள்ளி, மிச்சத்தை ஸ்பொஞ்சால் ஒற்றி எடுங்கள். நடுவிலே உருளை போல இருக்கும் வடியை இடப்பக்கமாகத் திருகினால் மேலே வரும். அதை ஓடும் நீரில் மென்மையான தூரிகையால் கழுவுங்கள். கம்பித் தும்பு வேண்டாம், வலை கிழிந்துவிடும்.

வடியை எடுத்த குழிக்குள் கையுறை போட்டுக்கொண்டு தடவிப் பாருங்கள். உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கக்கூடும் என்பதால் வெறும் கை வேண்டாம். தேசிக்காய் விதை, ஒலிவ் விதை, பல்லுக் குத்தும் குச்சி, போத்தலில் ஒட்டியிருந்த கடதாசி, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். போஷ் வகையில் அந்தக் குழிக்குள் பம்பியை மூடிய ஒரு சிறிய பிளாஸ்ரிக் மூடி உண்டு. கரண்டியால் நெம்பினால் கழன்றுவரும். அதற்குள் இருக்கும் சிறு சக்கரத்தில் ஏதாவது சிக்கியிருந்தால் எடுத்துவிட்டு, மூடியைக் 'கிளிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் அதே ஈ-25 திரும்ப வரும். வடியையும் இறுக்கிப் பூட்டுங்கள். அப்படியும் தண்ணீர் போகாவிட்டால் பின்னால் போகும் கழிவுக் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குசினி கழுவிய பின் இயந்திரத்தைத் தள்ளி வைக்கும்போது அது நசிந்துவிடுவதுண்டு.

தண்ணீர் வரவில்லை என்பதற்கு போஷில் ஈ-18, எல்ஜியில் ஐ-ஈ, சாம்சங்கில் 4-சீ, எலக்ட்ரோலக்ஸில் ஐ-10. தொட்டியின் கீழுள்ள குழாய் பூட்டியிருக்கிறதா, வீட்டுத் தண்ணீர்த் தாங்கி வெறுமையா, குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்தால் அனேகமாக விடை கிடைத்துவிடும்.

கசிவுதான் பயப்பட வேண்டியது. போஷில் ஈ-15, எலக்ட்ரோலக்ஸில் ஐ-30, சாம்சங்கில் எல்-சீ. இயந்திரத்தின் அடித்தட்டில் ஒரு மிதவை உண்டு. அங்கே தண்ணீர் சேர்ந்து மிதவை உயர்ந்ததும் கழுவல் நின்றுவிடும். போஷில் பம்பி ஓயாமல் உறுமிக்கொண்டே இருக்கும். தண்ணீர்க் குழாயைப் பூட்டி, பிளக்கைக் கழற்றி, திருத்துபவரை அழைக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தைச் சரித்து நீரை வடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தனியாக அதைச் செய்யவேண்டாம், நாரியும் போகும், பழியும் வரும். கையால் கோப்பை கழுவும் திரவச் சவர்க்காரத்தை இயந்திரத்தில் ஊற்றுவதும் இந்தக் கசிவுக்கு ஒரு காரணம். அதன் நுரை பொங்கி வெளியே வழியும். இயந்திரத்துக்கென்று விற்கும் தூளையோ வில்லையையோ தவிர வேறெதுவும் போடாதீர்கள்.

சூடு ஏறாததற்கு போஷில் ஈ-09, எல்ஜியில் எச்-ஈ. இது மின்சாரப் பகுதி. எவர் சொன்னாலும் மூடியைத் திறக்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாக் கம்பனிக்கும் ஒரே பாஷை இல்லை. எல்ஜியில் ஈ-1 என்றால் கசிவு. சீனாவின் மீடியா கம்பனி செய்யும் பல இயந்திரங்களில் அதே ஈ-1 தண்ணீர் வரவில்லை என்பதைக் குறிக்கும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இயந்திரத்தின் பெயரையும், கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கைந்நூலின் கடைசிப் பக்கங்களில்தான் குறியீட்டு அட்டவணை இருக்கும்.

எஸ் எழுத்துப் போன்ற அம்புக்குறி எரிந்தால் அது பழுதே அல்ல, உப்புக் கேட்கிறது. அதற்கென்று விற்கும் பருமனான உப்பைத்தான் போடவேண்டும், கறி உப்பை அல்ல. நட்சத்திரம் போன்ற குறி எரிந்தால் பளபளப்புத் திரவம் முடிந்துவிட்டது.

ஒரு சிறு தகவலையும் இடையில் சொல்லிவிடுகிறேன். இந்த இயந்திரத்துக்கு 1886இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜோசபின் கொக்ரேன் என்ற பெண். 1883இல் கணவன் கடனை விட்டுவிட்டு இறந்துபோக, வீட்டின் பின்புறக் கொட்டிலில் ஒரு மெக்கானிக்கின் துணையோடு இதை உருவாக்கினார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் கோப்பை கழுவின. கடனோடு விடப்பட்ட ஒரு விதவையின் மூளையில் பிறந்த இயந்திரத்துக்கு முன்னால் எங்கள் பெண்கள் நடுங்கி நிற்பது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

சம்பளக் கழிவு பற்றியும் சொல்லவேண்டும். குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டமும், கத்தாரில் 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் வீட்டுப் பணியாளருக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுப்பதை வேலைகொள்வோரின் கடமையாக்கியுள்ளன. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். கழித்த தொகையையும் திகதியையும் கொப்பியில் குறியுங்கள். ஊரிலுள்ள உறவினர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். போகமுன் பணியகம் நடத்தும் பயிற்சியில் இந்த இயந்திரத்தைக் காட்டும்போது பின்வரிசையில் நிற்காமல், வடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக, அந்த அக்கா தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த அரபுச் சொற்கள். கோப்பை கழுவும் இயந்திரம் 'கஸ்ஸாலத் ஸுஹூன்'. அடைபட்டிருக்கிறது என்பதற்கு 'மஸ்தூத்'. வடிக்கு அங்கும் 'பில்தர்' என்றே சொல்கிறார்கள். ஆகவே குறியீடு மின்னத் தொடங்கியதும் மேடத்தைக் கூப்பிட்டு, விரலால் காட்டி, நிதானமாக "பில்தர் மஸ்தூத்" என்று சொல்லுங்கள்.