நாளைய வருவாயில் வென்ற கோப்பை

ஸ்பெயினின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான லா லீகாவின் 2022-23 பருவம், புள்ளிப்பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு எளிய கதையாகவே தோன்றும். பார்சிலோனா 38 ஆட்டங்களில் 88 புள்ளிகள் பெற்றுக் கோப்பையை வென்றது. இரண்டாம் இடம் பெற்ற ரியல் மாட்ரிட் எடுத்தவை 78. பருவம் முழுவதும் பார்சிலோனாவுக்கு எதிராக விழுந்தவை 20 கோல்கள் மட்டுமே. புதிதாக வந்த ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி 23 கோல்களுடன் முதலிடம் பிடித்தார். பொருளியலைக் கற்பித்தே காலம் கழித்த எனக்கோ, இந்த வெற்றியைவிட அதன் பின்னாலுள்ள வரவு செலவுக் கணக்கே முக்கியமாகப்படுகிறது.

விளையாட்டு என்பது விசித்திரமான தொழில். எந்த வணிகரும் போட்டியாளர் ஒழிந்தால் மகிழ்வார். விளையாட்டில் போட்டியாளர் ஒழிந்தால் விற்பதற்குச் சரக்கே இராது. அமெரிக்கப் பொருளியலாளர் வால்டர் நீல் 1964-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்.

ஸ்பெயின் இந்த உண்மையை நெடுங்காலம் புறக்கணித்தது. தொலைக்காட்சி உரிமையை ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியே விற்றுக்கொண்டது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 கோடி யூரோ பெற, சிறிய கிளப்புகளுக்கு 2 கோடி கூடக் கிட்டவில்லை. 2015-இல் அரசு பிறப்பித்த அவசரச் சட்டம் கூட்டு விற்பனையைக் கட்டாயமாக்கியது. முதல்நிலைக் கிளப்புகளுக்கான தொகையில் பாதி சமமாகவும், எஞ்சியது ஆட்டத் திறன், ரசிகர் ஆதரவு ஆகியவற்றின் அடிப்படையிலும் பகிரப்பட வேண்டும் என்று விதித்தது.

மற்றொரு சீர்திருத்தம் செலவு வரம்பு. வருவாயையும் கடனையும் கணக்கிட்டு, ஆட்டக்காரர்களுக்காக ஒவ்வொரு கிளப்பும் எவ்வளவு செலவிடலாம் என்பதை லீக் நிர்வாகமே முன்கூட்டி நிர்ணயிக்கிறது. இந்த விதியின் வலிமையை உலகம் அறிந்தது 2021 ஆகஸ்டில். பார்சிலோனாவின் கடன் 135 கோடி யூரோவை எட்டியிருந்தது. தன் வரலாற்றின் மிகப் பெரும் ஆட்டக்காரரான லயோனல் மெஸ்ஸியுடன் புதிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய அந்தக் கிளப்பால் இயலவில்லை. அவர் கண்ணீருடன் பாரிஸ் சென்றார். 2022 மார்ச்சில் பார்சிலோனாவின் செலவு வரம்பு பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 14.4 கோடி யூரோவாக இருந்தது.

அதே கிளப்பின் வரம்பு ஆறே மாதங்களில் 65.6 கோடி யூரோவாக உயர்ந்தது. இது எப்படி நேர்ந்தது? கிளப் தலைவர் ஜோன் லபோர்ட்டா இதற்கு 'நெம்புகோல்' என்று பெயர் சூட்டினார். லீக்கிடமிருந்து பெறவிருக்கும் ஒளிபரப்பு வருவாயில் 25 விழுக்காட்டை, 25 ஆண்டுகளுக்கு, ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார். முதல் 10 விழுக்காட்டுக்கு மட்டும் கிடைத்தது 20.75 கோடி யூரோ. துணை நிறுவனமொன்றின் பங்குகளும் விற்பனைக்கு வந்தன. இவ்வாறு வந்த தொகையை லீக்கின் விதி அந்த ஆண்டின் வருவாயாகவே ஏற்றுக்கொண்டது. லெவன்டோவ்ஸ்கி, ரஃபீஞ்ஞா, கூண்டே ஆகியோர் வந்து சேர்ந்தனர்.

எதிர்கால வருவாயை இன்றே பணமாக்குவது தன்னளவில் தவறன்று. பாலம் கட்டக் கடன் வாங்கும் அரசு அதைத்தான் செய்கிறது. பாலத்தில் நடக்கப்போகும் தலைமுறை அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துகிறது. விற்ற வருவாயின் காலமும் வாங்கிய பொருளின் ஆயுளும் ஒத்திருக்க வேண்டும் என்பதே இங்கு அளவுகோல். பார்சிலோனா கால் நூற்றாண்டு வருவாயின் ஒரு பகுதியை விற்று, 34 வயதை நெருங்கிய வீரருடன் நான்காண்டு ஒப்பந்தம் செய்தது. வெற்றி மேலும் வருவாயைக் கொணரும் என்பது கணக்கு. ஆனால், அதே பருவத்தில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றிலேயே அணி வெளியேறியது. விற்பதற்குப் புதிய சொத்து இல்லாத அடுத்த ஆண்டில் செலவு வரம்பு 27 கோடியாகச் சரிந்தது. இத்தகைய விற்பனைகளுக்கு லீக்கும் கடிவாளம் இட்டது.

இங்கு உரிமையாளர் யார் என்பதையும் கருத வேண்டும். பார்சிலோனா தனியார் நிறுவனம் அன்று. உறுப்பினர்களுக்குச் சொந்தமான நான்கு ஸ்பானியக் கிளப்புகளுள் ஒன்று. உறுப்பினர் பேரவை அனுமதித்த பிறகே விற்பனை நடந்தது. எனினும், 2040-இல் உறுப்பினராகப் போகும் இளைஞருக்கு அந்தப் பேரவையில் வாக்கு இல்லை. தேர்தலைச் சந்திக்கும் தலைவருக்கோ, கோப்பை இந்த ஆண்டே தேவை.

பட்டியலின் அடிப்பகுதியையும் பாருங்கள். பதின்மூன்றாம் இடம் பெற்ற செல்டா விகோவுக்கு 43 புள்ளிகள். பதினெட்டாம் இடத்தால் தரமிறங்கிய வயாடோலிட்டுக்கு 40. மூன்றே புள்ளிகள் வேறுபாட்டில் ஆறு அணிகளின் தலைவிதி கடைசி நாளில் நிர்ணயிக்கப்பட்டது. அவற்றுள் எதற்கும் நெம்புகோலாகப் பயன்படும் அளவுக்குப் பெரிய எதிர்கால வருவாய் இல்லை. வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான்; அதைத் தாண்டும் வழி வலியவருக்கு மட்டுமே திறந்திருந்தது.

நிதி ஒழுங்கு விதிகளை இயற்றும் எவரும் இந்தப் பருவத்திலிருந்து ஒரு பாடம் பெறலாம். செலவுக்கு வரம்பு கட்டினால் போதாது. எதை வருவாய் என்று ஏற்பது என்பதையும் வரையறுக்க வேண்டும். சொத்தை விற்ற பணத்தைச் சம்பாத்தியமாக எழுத அனுமதிக்கும் கணக்கேடு, எத்தனை கண்டிப்பான வரம்பையும் வெறும் காகிதமாக்கிவிடும்.