நிலா உதிக்கும்வரை பொறு

'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' கணினி விளையாட்டில் நான் அனுப்பிய முதல் விண்கலம் நிலாவைச் சேரவே இல்லை. நிலா நேர் மேலே வந்ததும், அதை நோக்கி மூக்கைத் திருப்பி இன்ஜினை முடுக்கினேன். அத்தனை உயரமும் ஏறிப் பார்த்தால், அங்கே நிலாவைக் காணோம். நகர்ந்து போய்விட்டிருந்தது.

2011-ல் மெக்சிகோவில் இருந்து வெளிவந்த விளையாட்டு இது. இதில் பூமியின் பெயர் கெர்பின். நிலாவுக்குப் போக, பழகியவர்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: தாழ்வான பாதையில் சுற்றிக்கொண்டே இரு, தொடுவானத்தில் நிலா எட்டிப் பார்த்ததும், போகிற திசையிலேயே வேகத்தைக் கூட்டு.

கைவைத்தியம் போலத் தோன்றும். கணக்குப் போட்டால் சரியாகவே வருகிறது. கெர்பினுக்கு 80 கி.மீ. மேலே இருந்து, 12,000 கி.மீ. ஆரத்தில் சுற்றும் நிலாவை எட்ட ஏறத்தாழ ஏழரை மணி நேரம். கலம் நீள்வட்டப் பாதையில் பாதி சுற்று, அதாவது 180 டிகிரி போவதற்குள் நிலா 69 டிகிரி நகர்ந்துவிடும். ஆகவே, கிளம்பும்போது அது 111 டிகிரி முன்னால் இருக்க வேண்டும். அந்த உயரத்தில் நிலா உதயமாவது சுமார் 115 டிகிரியில்! மிச்சம் நாலு டிகிரியை நிலாவின் ஈர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

இந்த அரை நீள்வட்டப் பாதையை 1925-லேயே தன் நூலில் விளக்கியவர் ஜெர்மனியின் எசன் நகரப் பொறியாளர் வால்டர் ஹோமன். திரவ எரிபொருள் ராக்கெட் முதன்முதலாகப் பறந்ததே அதற்கு அடுத்த ஆண்டுதான்.

இதே கணக்குப்படி, செவ்வாய்க்குக் கிளம்ப, அது பூமிக்குச் சுமார் 44 டிகிரி முன்னால் இருக்க வேண்டும். விளையாட்டில் செவ்வாயின் சாயலில் உள்ள டூனாவுக்கும் அதே 44தான். இத்தனைக்கும் கெர்பினின் சூரியக் குடும்பம் மிகச் சிறியது. கோணத்துக்குத் தூரம் பொருட்டல்ல. இரு சுற்றுப்பாதைகளின் ஆர விகிதம்தான் கணக்கு. இரண்டு இடத்திலும் அது 1.52. விளையாட்டை வடித்தவர்களை இந்த ஓர் இடத்துக்காகவே பாராட்டலாம்.

செவ்வாய்க்கு இந்த வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். விளையாட்டில் காலத்தை ஒரு லட்சம் மடங்கு வேகத்தில் ஓட்டிவிடலாம். இஸ்ரோவிடம் அந்தப் பொத்தான் கிடையாது. 2013 அக்டோபர் 28 அன்று ஏவ இருந்த மங்கள்யான், கண்காணிப்புக் கப்பல் பசிபிக் கடலில் உரிய இடத்துக்குப் போய்ச் சேரத் தாமதமானதால் நவம்பர் 5-க்குத் தள்ளிப்போனது. டிசம்பர் 1 அன்று பூமியின் பிடியை விட்டுக் கிளம்பி, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சேர்ந்தது. நாசாவின் மேவன் அதற்கு இரண்டு நாள் முன்பு போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டும் ஒரே வாய்ப்பில் கிளம்பியவை. அதைத் தவறவிட்டிருந்தால் அடுத்தது 2016-ல்தான்.