தீவகத்து வயல்களும் உர மானியமும்

இலங்கையில் நெற்செய்கைக்கான உர மானியம் 1962ஆம் ஆண்டில் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நின்றும், பலமுறை வடிவம் மாறியும் இன்றுவரை தொடர்கின்றது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் 50 கிலோ உர மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2016இல் மூடைக்குப் பதிலாக ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 25,000 ரூபா பணமாக வழங்கப்பட்டது. 2018இல் மூடை 500 ரூபாவுக்குத் திரும்பி, 2020இல் முற்றிலும் இலவசமானது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கியபின், பொருளாதார நெருக்கடிக்கு நடுவே மானியம் மீண்டும் பணமாகி, ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்த தொகை 2024 ஒக்டோபரில் 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

இப்பணம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் ஊடாகவே கமக்காரரைச் சென்றடைகின்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பேணப்படும் விவசாயக் காணிப் பதிவேட்டில் வயலின் உரிமையாளரும் அதைச் செய்பவரும் குறிக்கப்பட, அப்பதிவையும் விதைத்த பரப்பையும் கொண்டு மானியம் கணிக்கப்பட்டு வங்கிக் கணக்கில் வைப்பிடப்படுகின்றது. ஆகவே, வியர்வை சிந்தியவரின் பெயர் பதிவேட்டில் இல்லையெனில் அவருக்கு மானியமும் இல்லை.

இந்த ஏற்பாடு, யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள தீவுகளான தீவகத்தில், மூன்று இடங்களில் தடுக்கி நிற்கின்றது. முதலாவது, காணியின் அளவு. யாழ்ப்பாணத்தில் காணி பரப்புக் கணக்கில் அளக்கப்படுவது. ஏக்கர் ஒன்று 16 பரப்பு, ஹெக்டேயர் ஒன்று ஏறத்தாழ 40 பரப்பு. பத்துப் பரப்பு வயல் விதைக்கும் வேலணைக் கமக்காரருக்கு 2024இல் உயர்த்தப்பட்ட வீதப்படி கிடைப்பது சுமார் 6,300 ரூபாவே. பெரிய குளங்களின் பாசனத்தில் இரு போகமும் விதைக்கும் மாவட்டங்களில் ஆண்டுக்கு இருமுறை மானியம் பெறலாம். வடகீழ்ப் பருவமழையை மட்டும் நம்பிக் காலபோகத்தில் விதைக்கும் தீவகத்துக்கு அது ஒருமுறைதான்.

இரண்டாவது, கடல். ஊர்காவற்துறைக்கும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வேண்டிய உரமும் விதையும் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகிலேயே செல்ல வேண்டும். ஹெக்டேயருக்கு ஒரே தொகை என்ற கணக்கில் இந்த ஏற்றுகூலிக்கு இடமில்லை. மூடையாக வந்த காலத்தில் அரசு சுமந்த செலவின் ஒரு பகுதி, மானியம் பணமானபோது கமக்காரரின் தோளுக்கு மாறுகின்றது.

மூன்றாவது, ஆளில்லாக் காணி. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளால் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் நிலைகொண்டுவிட்டனர். உறுதி ஒருவர் பெயரிலும் உழவு இன்னொருவர் கையிலுமாக இருக்கும் காணிகளில் குத்தகை பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நடைபெறுவதால், உழுபவர் தம் உரிமையைப் பதிவில் நிறுவுவது கடினமாகின்றது. கமநலச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பு அளித்தாலும், எழுத்துச் சான்று இன்றி அப்பாதுகாப்பைக் கோருவது எளிதன்று.

இவை அனைத்துக்கும் அடியில் நிற்பது நன்னீர்ப் பிரச்சினை. தீவகத்துச் சுண்ணக்கல்லில் ஊறும் மழைநீர், கடல்நீரின்மீது மிதக்கும் மெல்லிய படையாகவே தங்குகின்றது; அளவுக்கு மிஞ்சி இறைத்தாலோ, உவர்நீரைத் தடுக்கும் அணைகள் உடைந்தாலோ, கிணறும் வயலும் உவராகிவிடும். உவர் ஏறிய மண்ணில் யூரியாவை எவ்வளவு கொட்டினாலும் விளைச்சல் பெருகாது. நெடுந்தீவில் பல குடும்பங்களைத் தாங்கும் கால்நடைகளோ இந்த ஹெக்டேயர்க் கணக்குக்குள் வருவதேயில்லை.

மானியம் தேவையற்றது என்று இதற்குப் பொருளன்று. விதைப்புக் காலத்தில் கையில் வரும் ஆறாயிரம் ரூபாவும் சிறு கமக்காரரைக் கடனிலிருந்து காக்கக்கூடும். ஆயினும், உண்மையில் உழுபவரைக் கிராம மட்டத்தில் உறுதிசெய்து பதிவேட்டைப் புதுப்பித்தல், கடல்கடந்த தீவுகளுக்கு ஏற்றுகூலியைச் சேர்த்து வழங்குதல், குளங்களைத் தூர்வாரி உவர்த்தடுப்பு அணைகளைப் பேணுதல் ஆகிய மூன்றும் மானியத்தோடு இணைந்தால்தான் தீவகத்தில் அது பயன்தரும். நாடு முழுவதற்கும் ஒரே தொகையை விதிப்பது சமத்துவம்போலத் தோன்றினாலும், மண்ணும் நீரும் வழியும் வேறுபடும் இடத்தில் அந்த வேறுபாட்டைக் கணக்கிலெடுக்கும் கொள்கையே நீதியானது.