கப்பலின் இறுதிக் கணக்கு

என் இளமையில், எங்கள் சிற்றூர்த் தெருவில் அவ்வப்போது ஒரு குரல் எழும்: “பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!” தேய்ந்த கொழுவையும் ஓட்டை வாளியையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இரும்பு தராசில் ஏறும். பழம் கைக்கு வரும். அதன் பிறகு அவ்விரும்பு எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்டதில்லை. கோவைக்கு வந்து, உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளையும் கணபதிப் பக்கத்து வார்ப்படச் சாலைகளையும் கண்ட பின்னரே, உலையிற் புகுந்த இரும்பு பம்பாகவும் மோட்டார் உறையாகவும் மறுபிறவி எடுப்பதை அறிந்தேன்.

பழைய இரும்பிற் பெரியது கப்பல். பெரிய கப்பலொன்றில் பல்லாயிரம் டன் எஃகு உண்டு. இருபத்தைந்து, முப்பது ஆண்டு உழைத்த பின் அதுவும் தராசுக்கு வந்தாகவேண்டும். அத்தராசு நம் நாட்டிலேயே, குஜராத் மாநிலத்து அலங் கடற்கரையில் இருக்கிறது. அங்கு அலையேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறத்தாழப் பத்து மீட்டர் வேறுபாடு உண்டு. கடல் பொங்கும் நாளில் கப்பலைக் கரை நோக்கிச் செலுத்துவர். நீர் வடிந்ததும் அது மணலில் நின்றுவிடும். 1983-இல் தொடங்கிய இத்தொழிலுக்கு ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். நம் கடற்படையின் ‘விராட்’ கப்பலும் 2020-இல் அங்குதான் கரையேறியது.

இரும்பு நமக்குச் செல்வம். ஆனால் கப்பல் வெறும் இரும்பன்று. கொதிகலனையும் குழாய்களையும் போர்த்திய கல்நார், பழைய மின்கம்பி உறைகளிலும் மின்மாற்றிகளிலும் உள்ள நச்செண்ணெய், ஈயமும் வெள்ளீயச் சேர்மமும் கலந்த வண்ணப்பூச்சு, கருவிகளிற் பாதரசம், தொட்டிகளின் அடியில் எண்ணெய்க் கசடு ஆகியன அதனுள் மறைந்து கிடக்கின்றன. தொட்டியில் தங்கிய ஆவியை நீக்காமல் வெட்டுச் சுடரை வைத்தால் அக்கணமே வெடிக்கும். கல்நாரோ வெடிப்பதில்லை; கண்ணுக்குத் தெரியாத இழையாக நுரையீரலிற் புகுந்து, பல பத்தாண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படுகிறது.

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், கல்நார்த் தகட்டுக் கூரையை ஒரு கோடை விடுமுறையில் மாற்றினோம். தகடுகளைச் சம்மட்டியால் உடைத்துத் தள்ளினார்கள். முற்றமெங்கும் வெண்தூசி. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு ஒரு பெண்மணி அதனைப் பெருக்கி அள்ளினார். நான் இருப்புப் பதிவேட்டில், “தகடுகள் நாற்பது, பயனற்றவை, நீக்கப்பட்டன” என்றெழுதி ஒப்பமிட்டேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. தணிக்கையிலும் குறை எழவில்லை. ஆனால் தகடு எதனால் ஆனது, உடைத்தால் என்ன பறக்கும் என்று எழுத அப்பதிவேட்டில் இடமும் இல்லை. என்னிடம் அறிவும் இல்லை. அப்பெண்மணி இன்றும் நலமாகவே இருக்கிறார். ஆயினும் அது என் காவலால் வாய்த்த நலமன்று.

நான் செய்த பிழையை வல்லரசுகளும் செய்ததுண்டு. பிரான்சு நாட்டின் ‘கிளமான்சோ’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல், உடைக்கப்படுவதற்காக 2005 டிசம்பர் இறுதியில் அலங் நோக்கிப் புறப்பட்டது. அதில் எஞ்சியிருந்த கல்நார் எவ்வளவு? ஒருவர் சொன்ன எண் மற்றவர் சொன்ன எண்ணோடு ஒத்துவரவில்லை. நம் உச்ச நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. 2006 பிப்ரவரியில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கப்பலைத் திரும்ப அழைத்துக்கொண்டார். பின்னர் இங்கிலாந்தில் அது உடைக்கப்பட்டது.

இக்குறையைப் போக்கவே 2009-இல் ஹாங்காங் நகரில் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 2019 நவம்பரில் அதில் சேர்ந்தது. அடுத்த மாதமே கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் இயற்றியது. போதிய நாடுகள் சேர்ந்த பின், 2025 ஜூன் 26 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

அதன் உயிர்நாடி ஒரு பட்டியல். பள்ளி மாறும் பிள்ளையோடு மாற்றுச் சான்றிதழ் செல்வதுபோல, ஒவ்வொரு கப்பலோடும் அதன் நச்சுப்பொருட் பட்டியல் செல்லவேண்டும். அதற்கு மூன்று பகுதிகள். உடலிலும் கருவிகளிலும் என்ன நச்சு, எங்கே, எவ்வளவு என்பது முதற்பகுதி. இது கப்பல் கட்டும்போதே எழுதப்படும். ஓட்டத்தில் சேர்ந்த கழிவும், சேமிப்பறையில் எஞ்சிய பொருளும் மற்ற இரண்டு. இவை உடைக்குமுன் சேர்க்கப்படும். பழைய கப்பல்களுக்கு 2030 ஜூன் வரை தவணை உண்டு. அதற்கு முன்னரே உடைக்க வந்தால் பட்டியலோடு வரவேண்டும். உரிமம் பெற்ற தளம், அப்பட்டியலைப் பார்த்து, அந்தக் கப்பலுக்கென்றே ஒரு திட்டம் வகுத்த பின்தான் சுடரை ஏற்றலாம். கல்நாரை நனைத்து, அடைத்த அறையில், முகக்கவசத்தோடு நீக்கி, அதற்கென அமைந்த புதைகுழிக்கு அனுப்பவேண்டும்.

இதனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. 500 டன் அளவுக்குக் குறைந்த கப்பல்களையும் போர்க்கப்பல்களையும் இவ்வுடன்படிக்கை கட்டுப்படுத்தாது. கிளமான்சோ இன்று வந்தாலும் இதன் கை அதனை எட்டாது. கரையேற்றி உடைக்கும் முறையே தகுமா என்னும் வாதமும் ஓயவில்லை. பட்டியலைப் பொய்யாக எழுதினால் அது பட்டியலே அன்று. எனினும், சுடரை ஏந்தும் தொழிலாளி, “இந்தச் சுவருக்குப் பின் என்ன இருக்கிறது?” என்று கேட்கும் உரிமை பெற்றுவிட்டான்.

நேயர்களே, கடல் நமக்குத் தொலைவு; அந்தக் கேள்வி தொலைவன்று. பழைய மின்கலத்தையும் குழல்விளக்கையும் கூரைத் தகட்டையும் விற்கும்போதும் எறியும்போதும் எடையை மட்டும் கேளாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, அதை யார் கை திறக்கப்போகிறது என்றும் கேளுங்கள். நாற்பது தகடுகளுக்கு ஒப்பமிட்ட அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.