திரையில் ஒரு பாகப்பிரிவினை

நிரல் எழுதுகிறவர்களின் திரையில் இடது ஓரமாக ஒரு பட்டி நிற்கும். கோப்புகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். வலப்புறம் எத்தனை சாளரங்களைத் திறந்தாலும் மூடினாலும் பட்டியின் அகலம் மாறாது. அது அப்படி நிற்பதற்குப் பின்னால் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது.

பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம் எடிட்டரையும், அதற்குப் பக்கப்பட்டி தரும் நெர்ட்ட்ரீ என்ற செருகுநிரலையும் எடுத்துக்கொள்வோம். விம்முக்குத் திரை என்பது எழுத்துக் கட்டங்கள்தான். அகலம் 80 கட்டம் என்றால், நெர்ட்ட்ரீ வழக்கமாக எடுத்துக்கொள்வது 31. பிரிகோட்டுக்கு 1. நிரல் எழுத மிஞ்சுவது 48.

அந்த 48-ஐ நெடுக்காக இரண்டாகப் பிரித்தால் என்ன ஆகும்? எல்லாச் சாளரங்களுக்கும் சம பங்கு என்பதே விம்மின் இயல்பு. பிரிகோடுகள் இரண்டு போக, 78 கட்டங்கள் மூன்று சாளரங்களுக்கும் 26 வீதம் போய்விடும். பட்டி 5 கட்டங்களை இழக்கும். நீண்ட கோப்புப் பெயர்களின் வால் மறையும். இதைத் தடுக்கத்தான் நெர்ட்ட்ரீ தன் சாளரத்துக்கு 'வின்ஃபிக்ஸ்விட்த்' என்ற அமைப்பை இட்டுவைக்கிறது. அகலத்தை நிலையாக வைக்கச் சொல்லும் அமைப்பு அது. பிறகு பட்டிக்கு 31 அப்படியே இருக்க, மற்ற இரண்டும் 24, 23 என்று பகிர்ந்துகொள்கின்றன.

உயரத்தின் கதை இன்னும் சுவையானது. நம் கண்ணுக்குத் தெரிவது பக்கம் பக்கமாக அடுக்கிய பெட்டிகள். விம்மின் நினைவகத்தில் இருப்பதோ ஒரு மரம். அதன் ஒவ்வொரு கிளையும் ஒன்று வரிசை, இல்லையேல் அடுக்கு. நுனியில் உள்ள இலைகளே சாளரங்கள். மேலும் கீழுமாக இரண்டு சாளரங்கள் இருக்கும்போது, மேலே உள்ளதை மட்டும் பிரித்துப் பட்டியைத் திறந்தால் அது பாதி உயரத்தோடு நின்றுவிடும். நெர்ட்ட்ரீ அப்படிச் செய்வதில்லை. மரத்தின் வேரிலேயே பிரிக்கச் சொல்கிறது. வேர் ஒரு வரிசையாக மாறி, முதல் இலையாகப் பட்டி அமர்கிறது. பழைய அடுக்கு முழுவதும் அதன் பக்கத்துக் கிளையாகிறது. பட்டிக்கு முழு உயரமும் கிடைத்துவிடுகிறது.

ஆனால் அந்த 31-உம் சாசனம் அல்ல. மற்றச் சாளரங்களை எல்லாம் மூடினால் பட்டியே 80 கட்டங்களுக்கும் விரிந்துவிடும். திரையில் ஒரு கட்டமும் வெறுமனே கிடக்கக்கூடாது என்பது முதல் விதி. நிலையான அகலம் அதற்கு அடுத்தபடிதான். பக்கப்பட்டி எழுத முனைகிறவர் 31 என்ற எண்ணைவிட முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த மரத்தைத்தான்.