முதலாம் ஆண்டின் முதல் நாள்

மிளகாய்க் கன்றைப் பிடுங்கி நடும் விவசாயி உச்சி வெயிலில் நடுவதில்லை. வெயில் தாழ்ந்தபின் நட்டு, தண்ணீர் ஊற்றி, வேர் பிடிக்கும் வரை நிழல் கொடுக்கின்றார். இதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை முதன்முதலாகப் பாடசாலைக்குப் போவதும் ஒரு நடுகையே. இடம்பெயர்ந்த பிள்ளைக்கோ இது முதலாவது பிடுங்கி நடுதல் அல்ல. ஆகவே அதற்குக் கூடுதல் நிழல் தேவை.

சில வருடங்களுக்கு முன் நாம் சென்ற ஒரு கிராமப் பாடசாலையில், முதல் நாள் இடாப்புக் கூப்பிடப்பட்டது. ஒரு சிறுவனின் பெயரை மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. வரவில்லை என்று குறித்துவிட்டார்கள். அவனோ புத்தகப் பையை அணைத்தபடி பின்வரிசையில் இருந்தான். வீட்டில் அவனை வேறு பெயரால் அழைத்து வந்தார்கள். இடாப்பில் உள்ளது தன் பெயர் என்பது அவனுக்குத் தெரியாது. இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் 'முகாம் பிள்ளை' என்றார்கள். அன்று அவனுக்குக் கிடைத்த ஒரே பெயர் அதுதான். ஒரு வாரத்துக்குள் அவன் பாடசாலைக்குப் போக மறுத்துவிட்டான்.

பிள்ளை வீடு திரும்பியதும், "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்று கேட்கின்றோம். "ஒன்றும் எழுதவில்லை, விளையாடினோம்" என்றால் மனம் கலங்குகின்றோம். எல்லாவற்றையும் இழந்த குடும்பத்துக்குக் கல்வியே கடைசிச் சொத்து. அந்தக் கவலை நியாயமானது. ஆயினும் விளையாட்டு வீண்பொழுது அல்ல. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகவும், 1999இல் நாடெங்கும் ஆரம்பிக்கப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஆண்டு ஒன்றில் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை ஆகிய மூன்றுக்கும் இடம் கொடுத்தது. புதிதாக வரும் பிள்ளையை ஆசிரியர் முதலில் அவதானித்து அறிந்துகொள்ள வேண்டும் என்றும் வலியுறுத்தியது. பயந்திருக்கும் பிள்ளையின் காதில் 'அ'வும் ஏறாது, 'ஆ'வும் ஏறாது.

முதல் நாளில் வகுப்பு ஒன்று உருவாக நான்கு காரியங்கள் நடைபெற வேண்டும்.

முதலாவது, பெயர். பிள்ளைகள் வட்டமாக இருந்து ஒரு துணிப்பந்தை உருட்டுகின்றார்கள். பந்து யாரிடம் வருகின்றதோ அவர் தம் பெயரைச் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்கின்றார்கள். வட்டத்தில் முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை. பேச விரும்பாத பிள்ளை பந்தை மட்டும் உருட்டினாலும் போதும்.

இரண்டாவது, இடம். தண்ணீர் எங்கே, மலசலகூடம் எங்கே, பை வைப்பது எங்கே என்று ஆசிரியர் கூட்டிச் சென்று காட்ட வேண்டும். கேட்க வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பலர்.

மூன்றாவது, தோழமை. ஊர்ப்பிள்ளை ஒன்றும் வந்த பிள்ளை ஒன்றுமாகச் சோடி சேர்த்து, ஒரே தாளில் படம் கீறவிடலாம். "உன் வீட்டைக் கீறு" என்று மட்டும் சொல்லவேண்டாம். வீடு இழந்த பிள்ளைக்கு அது நோகும். மரம், ஆடு, மழை என்று எதையாவது கீறட்டும்.

நான்காவது, பொறுப்பு. ஒருவர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். ஒருவர் சோக்குத் துண்டுகளைச் சேர்க்கட்டும். தனக்கொரு வேலை காத்திருக்கின்றது என்று அறிந்த பிள்ளை மறுநாளும் வரும்.

பெற்றோராகிய உங்களுக்கும் பங்குண்டு. பிள்ளையின் முழுப் பெயரை இப்போதே சொல்லிப் பழக்குங்கள். வீட்டில் அழைக்கும் பெயரையும் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். வெடிச்சத்தத்துக்கோ இருட்டுக்கோ பயந்த பிள்ளையானால் அதையும் மறைக்காதீர்கள். பிள்ளை பார்க்காத நேரம் ஒளித்து வரவேண்டாம். "மணி அடித்ததும் வருவேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள், சொன்னபடியே போய் நில்லுங்கள். பலமுறை பிரிவைக் கண்ட பிள்ளைக்கு, போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை பெரிய மருந்து. "குழப்படி செய்தால் ரீச்சர் அடிப்பா" என்று வெருட்டாதீர்கள். மாலையில், "இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னால் கன்று வேர் பிடிக்கின்றது என்று அறிந்துகொள்ளலாம்.

ஊரவர்க்கும் ஒரு வார்த்தை. 'முகாம் பிள்ளை' என்ற சொல்லைச் சிறுவர்கள் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. எமது திண்ணைகளில் கேட்டதையே வகுப்புக்குக் கொண்டுபோகின்றார்கள். அந்தச் சொல்லை நிறுத்த வேண்டிய இடமும் எமது திண்ணைதான்.

கலந்துரையாட:

1. எமது ஊரில் இவ்வருடம் ஆண்டு ஒன்றுக்குச் செல்லும் பிள்ளைகள் யார்? அவர்களில் முன்பள்ளிக்குப் போகாதோர் யார்?

2. முதல் நாளுக்கு முன்பே அவர்களை ஒருவரோடொருவர் சந்திக்கவைக்க நாம் என்ன செய்யலாம்?