ஐப்பசி மழையும் அடுப்புச் சட்டியும்

அடைமழை பிடித்துக் கொண்டால் நெசவாளிக்குத் தொல்லைதான். ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டு நெசவு ஊரான சேவூரிலும் அதுதான் கதை. தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியில் ஈரம் ஊறும். கால் மிதிக்கும் குழியிலே தண்ணீர் நின்று விட்டால் அன்றைய வேலை போயிற்று.

வெள்ளைக்கார தேசங்களில் இலை உதிரும் காலம் வந்ததும், கனத்த இரும்புச் சட்டியில் மாட்டுக்கறியை வைத்து மணிக்கணக்கில் வேக விடுவார்கள். நமக்கு இலை உதிர் காலம் ஏது? நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான். வெளியே மழை, உள்ளே அடுப்பு. அந்த அடுப்பின் மேல் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். சில வீடுகளில் மிளகு ரசம். சில வீடுகளில் ஆட்டுக்கறி. சில வீடுகளில் ‘பெரிய கறி’ என்று சொல்லப்படும் மாட்டுக்கறி.

பழைய வட ஆர்க்காடு ஜில்லா முழுவதும் இந்தப் பெரிய கறிக்கு ஒரு தனி இடம் உண்டு. ஆம்பூரும் வாணியம்பாடியும் பிரியாணிக்குப் பேர் போனவை. அங்கே ஆட்டுக்கறிப் பிரியாணி போலவே மாட்டுக்கறிப் பிரியாணியும் தெருவுக்குத் தெரு விற்கிறது. கூலி வேலை முடித்து வருகிறவர் கையிலுள்ள காசுக்கு வயிறார உண்ணக்கூடிய கறி அதுதான். ஆட்டுக்கறி விலைக்கு முன் அது எப்போதும் மலிவு.

ஆனால் மலிவு கறியை ருசியாக்குவது மலிவான வேலை அல்ல. அதற்குப் பொறுமை வேண்டும்.

கறி ஏன் கடினம்?

“மாட்டுக்கறி வேகவே மாட்டேன் என்கிறது” என்று புதிதாகச் சமைக்கும் பெண்கள் அலுத்துக் கொள்வது உண்டு. அதற்குக் காரணம் சமையற்கட்டில் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது!

1958-ம் ஆண்டு தமிழ்நாட்டில் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டையே அறுக்கலாம். காயத்தாலோ நோயாலோ நிரந்தரமாக முடங்கிப் போன மாட்டுக்கும் சான்று கிடைக்கும். 1976-ம் ஆண்டு சர்க்கார் உத்தரவு ஒன்று பசுவையும் கிடாரியையும் அறுப்பதற்குத் தடை போட்டது. மிச்சம் இருப்பவை வயதான எருதும் எருமையும்தான்.

அமெரிக்காவில் ஒன்றரை, இரண்டு வயதுக் காளைக் கன்றைக் கொழுக்க வைத்துக் கறியாக்குகிறார்கள். அது நெருப்பைக் காட்டினால் வெந்து விடும். நமது எருதோ பத்து வருஷம் ஏர் இழுத்தது, வண்டி இழுத்தது. நுகம் தாங்கிய கழுத்து, சேற்றில் மிதித்த கால். உழைத்த இடத்திலெல்லாம் சதையைக் கட்டிப் பிடிக்கும் வெள்ளை நார் உரமேறி இருக்கும். வயது ஏற ஏற அந்த நாரின் முடிச்சு இறுகும்.

அந்த நாருக்கு விஞ்ஞானிகள் ‘கொல்லாஜன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அவிழ்க்கத் தெரிந்தவரே சமையல் தெரிந்தவர்.

பட்டும் தோலும் கறியும்

நெசவாளிக்கு இந்த விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். பச்சைப் பட்டு நூல் முதலில் விறைப்பாகத்தான் இருக்கும். இழையின் மேல் ஒரு பசை மூடியிருக்கிறது. சோப்பும் சோடாவும் கலந்த சூடான நீரில் போட்டு அவித்தால் அந்தப் பசை கரைந்து போகும். நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறையும். அதன் பிறகே பட்டுக்குப் பளபளப்பும் வழவழப்பும் வரும்.

கறியிலும் அதே கதைதான். வெந்நீரில் நெடுநேரம் இருந்தால் வெள்ளை நார் அவிழ்ந்து ‘ஜெலட்டின்’ என்னும் கூழாக மாறுகிறது. பட்டில் கரைந்த பசையை வெளியே கொட்டி விடுகிறோம். கறியில் கரைந்ததைக் குழம்பிலேயே நிறுத்திக் கொள்கிறோம். உதட்டில் ஒட்டும் அந்தக் கெட்டிக் குழம்பு மாவினால் வந்தது அல்ல, நாரினால் வந்தது.

இன்னொரு வேடிக்கை! ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் பதப்படுத்துகிறார்களே, அந்தத் தோலிலும் இருப்பது இதே கொல்லாஜன்தான். ஆவாரம்பட்டைச் சாறோ குரோம் உப்போ அதை அழுகாதபடி, அவிழாதபடி கட்டிப் போடுகிறது. தோல் தொழிலாளி எதைக் கட்டுகிறாரோ, அதையே அவர் வீட்டுச் சட்டி அவிழ்க்கிறது.

கொதிக்கக் கூடாது, முணுமுணுக்க வேண்டும்

நார் அவிழ இரண்டு வேண்டும்: மிதமான சூடு, நீண்ட நேரம். 60 டிகிரியைத் தாண்டியதுமே மெதுவாக அவிழத் தொடங்கும். 90 டிகிரியை ஒட்டி நன்றாக நடக்கும். அவசரப்பட்டு அடுப்பை எரியவிட்டுத் தளதளவென்று கொதிக்க வைத்தால் என்ன ஆகும்? சதை இழை சுருங்கி உள்ளே இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளி விடும். கறி வெந்தும் சக்கையாக இருக்கும்.

நாலு பேருக்கு ஒரு கிலோ கறி போதும். கால்சதை, கழுத்து, நெஞ்சு – இந்த இடங்களே ஏற்றவை. எலும்போடு இருந்தால் இன்னும் விசேஷம். கடைக்காரரிடம் சின்னத் துண்டாகப் போடச் சொல்லாதீர்கள். இரண்டு அங்குலத் துண்டாக இருக்கட்டும், வெந்தபின் சுருங்கும்.

உப்பும் மஞ்சளும் தடவி ஒரு மணி நேரம் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊற வைத்து விழுதாக அரையுங்கள். இது ஆம்பூர்ப் பக்கத்து வழக்கம். மிளகாய்த் தூளில் வராத நிறமும் மணமும் இந்த விழுதில் வரும்.

அடிகனத்த பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் கறித் துண்டுகளை நாலைந்தாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து எடுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவை கொட்டினால் நீர் விட்டுக் கொண்டு வெளுத்துப் போகும். அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டு, அரைக் கிலோ வெங்காயத்தைப் பழுப்பு நிறம் வரும் வரை வதக்குங்கள். பிறகு இரண்டு கரண்டி இஞ்சி பூண்டு விழுது, மிளகாய் விழுது, இரண்டு கரண்டி தனியாத் தூள், மூன்று தக்காளி. எண்ணெய் பிரிந்து வந்ததும் அடுப்பைத் தணித்து, கடைந்த தயிர் அரைக் கிண்ணம் ஊற்றுங்கள்.

வறுத்த கறியைச் சேர்த்து, கறி முக்கால் அளவு மூழ்கும்படி வெந்நீர் விடுங்கள். குளிர்ந்த நீர் வேண்டாம். மூடியைப் போட்டுக் கோதுமை மாவால் விளிம்பை ஒட்டி விடுங்கள். கீழே தணல், மூடி மேலே கொஞ்சம் தணல். கேஸ் அடுப்பானால் இருப்பதிலேயே சின்னத் தீ.

இனி மூன்று, மூன்றரை மணி நேரம் அதை மறந்து விடலாம். ஆனால் மூக்கு மறக்க விடாது!

“அம்மா, ஆயிடுச்சா?”

“எலும்பை இன்னும் விடல கண்ணு. மழை நிக்கட்டும்.”

அதுதான் கணக்கு. கடிகாரத்தை நம்பாதீர்கள். எலும்பிலிருந்து சதை தானாகக் கழன்று, கரண்டிக் காம்பால் அழுத்தினால் பிளக்க வேண்டும். அப்போது இறக்கி, மிளகுத் தூளும் கொத்தமல்லியும் தூவிக் கால் மணி நேரம் மூடி வையுங்கள்.

நேரம் இல்லாதவர்களுக்குக் குக்கர் இருக்கிறது. அழுத்தத்தில் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால் முக்கால் மணி நேரத்தில் நார் அவிழ்ந்து விடும். பச்சைப் பப்பாளிக்காய் விழுது தடவுகிறவர்களும் உண்டு. அதன் பாலில் உள்ள ‘பாப்பெயின்’ என்ற பொருள் சதையை மெதுவாக்கும். அளவு மீறினால் கறி மாவாகி விடும். அவசரத்துக்கு இவை உதவும். தணலின் ருசி வேறு.

ஆரணி அரிசிக்குப் பேர் பெற்ற ஊர். அந்தப் பொன்னி அரிசிச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தால் வேறு கறி வேண்டாம். மிஞ்சினால் மறுநாள் இட்லிக்கு. மறுநாள்தான் ருசி அதிகம் என்பவர்களும் உண்டு.

விருந்தில் விட்டுப்போன இலை

2022-ம் ஆண்டு மே மாதம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. ஊரின் புகழை உலகுக்குக் காட்டவே இந்த விழா. ஆனால் பட்டியலில் மாட்டுக்கறிப் பிரியாணி மட்டும் இல்லை!

எதிர்ப்புக் கிளம்பியது. விழா நடக்கும் இடத்துக்கு வெளியே நாங்களே இலவசமாக வழங்குவோம் என்று சிலர் அறிவித்தார்கள். இது பாகுபாடு அல்லவா என்று கேட்டு மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கோரியது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழா தள்ளி வைக்கப்பட்டது.

ஒரு சட்டிக் கறிக்கா இவ்வளவு வழக்கு? கறிக்கு அல்ல. பிடிக்காதவர் உண்ண வேண்டாம். அதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஊர் விருந்தில் ஒருவருடைய சட்டியை மட்டும் ஓரமாக வை என்று சொன்னால், அந்தச் சட்டிக்காரரையும் ஓரமாக நில் என்று சொன்னதாகத்தானே ஆகும்? அந்த வருத்தமே அன்று பேசியது.

மழை விட்டதும் சேவூரில் தறி மறுபடி தட்டத் தொடங்கும். நூல் காய வேண்டும். பாவு ஏற வேண்டும். எதற்கும் நேரம் வேண்டும். பத்து வருஷம் உழைத்து இறுகிய நாரும் அப்படித்தான். வெட்டினாலும் அடித்தாலும் அது அவிழாது. சின்னத் தீயில், மூடிய சட்டிக்குள், பொறுமையாகக் காத்திருந்தால் தானே அவிழும்.